பனியன் துணித் தவளை

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் லைன் வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். ஆறிலும் அப்பாக்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஷிப்மெண்ட் என்று சனிக்கிழமை இரவு விடிய விடிய வேலை பார்த்துவிட்டு, காலையில் வந்து, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் விழுந்துவிடுகிறவர்கள் அவர்கள். பிள்ளைகளாகிய நாங்கள் கையால் சாடை காட்டித்தான் விளையாடுவோம். யாராவது வாய்விட்டுச் சிரித்துவிட்டால் ஏதாவது ஒரு வாசலில் ஒரு அம்மா தோன்றி, கையில் இருப்பதை எங்கள் மேல் எறிவாள். இப்போது எனக்கும் இரவு வேலை முடிந்து தூங்கும் அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள் வாய்த்திருக்கின்றன. அந்த அம்மாக்கள் எறிந்தது போதாது என்றுதான் தோன்றுகிறது.

அப்படிப்பட்ட வீட்டில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா என்னிடம் ஓயாமல் பேசச் சொன்னாள்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் அது. பிழைப்புக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அப்பா பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் டைலர். அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து, தைத்து முடித்த பனியன்களில் நூல் பிசிர் வெட்டுவாள். அப்பாவின் ஊரைச் சுற்றிலும் குளம். சின்ன வயதில் விரால் பிடிப்பதில் தான் பெரிய ஆள் என்று கல்யாணமான புதிதில் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். அம்மா அதைக் குழாயடியில் நான்கு பேரிடம் சொல்ல, அது வாடகை வாங்கும் வீட்டுக்காரர் காது வரை போய்விட்டது. பெருமை பேசினால் வேலை வந்து தலையில் விழும் என்பது அப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். லைன் வீட்டுக்குப் பின்னால் அவருடைய தோட்டம். தோட்டம் என்று பேர்தான். கொண்டை காய்ந்த தென்னை மரங்களும் ஒரு கிணறும் மிச்சம். அன்று காலை அப்பா வேலையிலிருந்து வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் அவர் வாசலில் வந்து நின்றார். அம்மா தயங்கித் தயங்கி அப்பாவை எழுப்பினாள். கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு, சிவந்த கண்ணோடு அப்பா வெளியே வந்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்க வெராலு புடிப்பீங்களாமா?"

அது சின்னப் பிள்ளையில் பிடித்தது என்று அப்பா நழுவப் பார்த்தார். பெரியவர் விடவில்லை. வாசலில் நின்றபடியே முழுக் கதையையும் சொன்னார். கிணற்றில் ஒரு விரால் இருக்கிறது. உடுமலைப்பேட்டையில் சொந்தக்காரர் தோட்டத்திலிருந்து விரல் நீளக் குட்டியாகத் தூக்குப்போசியில் கொண்டுவந்து அவரே விட்டது. இப்போது முழங்கை நீளம் இருக்குமாம். அவருடைய மகன் கிணற்றுத் தண்ணீரை லாரிகளுக்கு விற்பதென்று முடிவு செய்துவிட்டார். ஆழப்படுத்த ஆட்கள் திங்கட்கிழமை காலையில் மோட்டாரும் வெடியுமாக வருகிறார்கள். தண்ணீரை இறைத்ததும் முதல் வேலையாக அவர்கள் அந்த மீனைக் குழம்பு வைத்துவிடுவார்கள். அதற்குள் பிடித்து வேறு கிணற்றில் விட்டுவிட வேண்டும். இந்த வயதில் அவருடைய பேச்சு வீட்டில் எடுபடாது. மீனையாவது காப்பாற்றலாம் என்று பார்க்கிறார்.

"உசுரோட வேணுமுங்க. வாயி கிழியக் கூடாதுங்க" என்றார்.

குடியிருக்கிறவர் வீட்டுக்காரரிடம் எப்படி மறுத்துச் சொல்வது? அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். அம்மா என்னை அடுப்பு மூலைக்கு இழுத்துப் போய், "அப்பா கூடயே இரி. வாயை மூடாம பேசிக்கிட்டே இரிக்கணும், தெரிஞ்சுதா?" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. விடிய விடிய வேலை பார்த்தவர் கிணற்றுப் படியில் உட்கார்ந்தால் தூங்கி விழுந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். எனக்கோ, என் திறமையை வீட்டில் கடைசியாகப் புரிந்துகொண்டார்கள் என்று ஒரே பெருமை.

அந்தக் கிணறு பாறையைச் சதுரமாக வெட்டி எடுத்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள் ஓரமாகவே கீழே இறங்கும். தண்ணீர் வெகு ஆழத்தில், இருட்டாகக் கிடந்தது. அப்பா கடைசிப் படியில் உட்கார்ந்தார். நான் அவருக்கு மேல் படியில். பெரியவர் மேலே விளிம்புக் கல்லைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூண்டில் முள்ளும் தங்கூசி என்கிற நைலான் நரம்பும் பெரியவரே வாங்கி வைத்திருந்தார். பொட்டலத்தில் பல அளவில் முட்கள் இருந்தன. அப்பா ஒவ்வொன்றாக நகத்தில் வைத்துப் பார்த்து, பெரியதாக ஒன்றை எடுத்தார். முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக ஒரு சின்னச் செதில் நிற்கும். ஏறிய முள் கழன்றுவராமல் பிடித்துக்கொள்வது அதுதான். மீனின் வாய் கிழியக்கூடாது என்பதால் அப்பா குறட்டால் அந்தச் செதிலை நசுக்கித் தட்டையாக்கினார். இனி மீன் மாட்டினாலும், தங்கூசி ஒரு நொடி தளர்ந்தால் போதும், துப்பிவிட்டுப் போய்விடும்.

முதலில் மண்புழு. துவைக்கிற கல்லுக்கு அடியில் தோண்டி எடுத்தோம். ஈயக்குண்டு கட்டி இறக்கியதும் அது அடியில் போய் உட்கார்ந்தது. பொடிக் கெண்டைகள் கூட்டமாக வந்து புழுவைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தன. அப்பா ஈயத்தைக் கழற்றிவிட்டு, பெட்டியில் வரும் தெர்மாகோல் துண்டு ஒன்றைத் தக்கையாகக் கட்டினார். புழு பாதி ஆழத்தில் நின்றது. கெண்டைகளுக்கு ஏறிவரும் சிரமம் மட்டும்தான் கூடியது.

அந்த நேரத்தில்தான் அது மேலே வந்தது. கறுப்பாக ஒரு முதுகு நீரைத் தொட்டு, 'ப்ளக்' என்று காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டு மறுபடி இருட்டுக்குள் போனது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் கண் முழுதாகத் திறந்தது. விரால் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டிய மீன், அதற்குத் தீனியையும் மேலேயே ஆட்டிக் காட்ட வேண்டும், தவளை கிடைத்தால் நொடியில் பிடித்துவிடலாம் என்றார். கோழிக்குடலும் ஆகும், கிடைக்குமா என்று மேலே பார்த்துக் கேட்டார். கிணற்றுக்குள் ரத்தம் வேண்டாம் என்றுவிட்டார் பெரியவர்.

தவளை பிடித்துவர என்னை அனுப்பினார்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு ரோட்டோரச் சாக்கடை நெடுகப் போனேன். அன்றைக்கு அதில் ஊதா நிறத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எந்தக் கம்பெனி என்ன ஆர்டர் ஓட்டுகிறது என்பதை நாங்கள் அந்தச் சாக்கடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். நுரை இருந்தது, பாலிதீன் பை இருந்தது, தவளை இல்லை. நேரில் ஒரு தவளையை அதுவரை நான் பார்த்ததே இல்லை. இதை அப்பாவிடம் சொல்லாமல் காலி டப்பாவை மட்டும் நீட்டினேன். அவர் அதை வாங்கி, கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவின் வேஸ்ட் துணி மூட்டையை அவிழ்த்தார். தவளை இல்லாத ஊரில் தவளையைத் தைப்பது என்று முடிவு. தைப்பதென்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பனியன் துணியில் சின்னதாக ஒரு பை தைத்து, மிதப்பதற்காக உள்ளே தெர்மாகோலை அடைத்தார். ஜட்டி இடுப்புக்குப் போடும் எலாஸ்டிக்கில் இரண்டு துண்டு வெட்டிப் பின்னங்கால்களாக வைத்தார். தங்கூசியை இழுத்தால் நீளும், விட்டால் மடங்கும், உதைத்துக்கொண்டு நீந்துகிற மாதிரியே இருக்கும். முள்ளின் கூர் முதுகுத் துணியோடு படிந்து, கடித்தால் மட்டும் வெளியே வருகிற மாதிரி கோத்தார்.

என்ன நிறம் என்பதில்தான் தகராறு. எனக்கு ரோஸ். அப்பாவுக்கு வெள்ளை. கீழேயிருந்து பார்க்கிற மீனுக்குத் தவளையின் அடிவயிறுதான் தெரியும், அடிவயிறு வெள்ளை என்பது அவர் கணக்கு. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, ரோஸிலும் ஒன்று தைத்தார். விரால் என் ரோஸ் தவளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெள்ளைக்கு ஒருமுறை அருகே வந்து, சந்தேகப்பட்டுத் திரும்பிவிட்டது. அப்பா அண்ணாந்து, கிணற்றின் வாய் வழியாகத் தெரிந்த வெள்ளை வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிச்சத்துல வெள்ளை எங்க தெரியும், கறுப்புல்லா வேணும்" என்று தனக்குத்தானே சொன்னார். காலர் வெட்டி மிச்சமான கறுப்புத் துணியில் மூன்றாவது தவளை தயாரானது.

இத்தனைக்கும் நடுவில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். மீன் ஓடிவிடும், கொஞ்சம் சும்மா இரு என்றார் அப்பா. அம்மா சொல்லியிருக்கிறாளே. கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக, குரலைத் தணித்துப் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்தேன். உலகத்திலேயே தூக்கம் வரவழைப்பதில் அதற்கு ஈடு கிடையாது. அப்பாவின் தலை மெல்லச் சாய்ந்தது. கையில் சுற்றியிருந்த தங்கூசி தொய்ந்தது. கறுப்புத் தவளை நடுத்தண்ணீரில் சும்மா மிதந்தது.

விரால் அந்த நேரம் பார்த்துத்தான் பாய்ந்தது. தங்கூசி கையை வெட்டுகிற மாதிரி இழுக்க, அப்பா தூக்கத்திலேயே எழுந்து நின்றார். ஒரு கால் வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் வீறிட்டேன். என் கத்தல் கிணற்றுச் சுவரில் மோதி நான்கு பக்கமிருந்தும் திரும்பி வந்தது. மேலே பெரியவர், "தம்பி, மீனு போனா போகுதுங்க, படியப் புடிங்க" என்று பதறினார். அப்பா ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கை தங்கூசியைத் தளரவிடவே இல்லை. மீன் எந்தப் பக்கம் ஓடினாலும் கை கூடவே போனது. ஊரில் பிடித்த விரால் எல்லாம் அந்தக் கைக்குள் இருந்திருக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னது வெறும் பெருமை இல்லை என்று அப்போது தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மீன் அடங்கி வந்தது. பெரியவர் கயிற்றில் இறக்கிய வாளிக்குள் அதை விட்டார். முள் தொட்டதும் கழன்றது. வாய் கிழியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வாளி மேலே போனதும் அப்பா அதே படியில் உட்கார்ந்து, நனைந்த கைலியைப் பிழிந்தார்.

நாங்கள் மேலே வந்தபோது பெரியவர் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பொக்கை வாய்ச் சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாளியில் வைத்தால் விரால் எகிறிக் குதித்துவிடும், மூடியுள்ள பாத்திரம் வேண்டும் என்றார் அப்பா. நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா எங்கள் சின்ன நீல டிரம்மைக் கவிழ்த்துக் காலி செய்து கொடுத்தாள். சாயப்பட்டறைக்கு ரசாயன மருந்து வருகிற டிரம் அது. காலியானதும் வாங்கிவந்து, சோப்பும் புளியும் போட்டுத் தேய்த்து, நாள் கணக்கில் வெயிலில் காய வைத்து, பிறகு தண்ணீர் பிடிப்போம். லைனில் எல்லா வீட்டிலும் அதுதான். பூனை, எலி, கொசு எதுவும் உள்ளே போக முடியாத அருமையான மூடி. டிரம்மில் கிணற்றுத் தண்ணீரைப் பாதிக்கு நிரப்பி மீனை விட்டு, மூடியைச் சாத்தி, பெரியவரின் மொபெட்டில் முன்னால் வைத்தார்கள். அப்பா ஓட்டினார், பெரியவர் பின்னால், நடுவில் நான் நசுங்கினேன்.

உடுமலைக்கே கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று அப்பா கேட்டார். அந்தத் தோட்டத்தைக் காற்றாலைக்குக் கொடுத்துக் கிணற்றையும் மூடிவிட்டார்களாம். பக்கத்திலேயே தனக்கு எத்தனை சொந்தம், எத்தனை கிணறு என்று பெரியவர் தைரியமாகத்தான் இருந்தார். முதலில் போன கிணற்றில் தண்ணீரே இல்லை. அடியில் ஒரு வேலிக்காத்தான் முளைத்து நின்றது. அடுத்த கிணற்றில் நிறையத் தண்ணீர் இருந்தது. பெரியவர் படியிறங்கிப் போய் உள்ளங்கையில் அள்ளி, மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே கொட்டிவிட்டு ஏறி வந்தார். மாடுகூட வாய் வைப்பதில்லை என்று அந்தத் தோட்டத்து அம்மா சொன்னார். அதற்கடுத்த தோட்டத்தில் கிணற்றை மூடி அதன் மேல் குடோன் கட்டியிருந்தார்கள். பெரியவருக்கே அது தெரியவில்லை. எப்போது மூடினீர்கள் என்று அங்கிருந்த ஆளிடம் கேட்டார். அவர் வடக்கத்திக்காரர், இந்தியில் ஏதோ சொன்னார்.

வெயில் ஏறிவிட்டது. அப்பா அடிக்கடி வண்டியை நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு குளத்துக்குப் போனோம். கரையேறிப் பார்த்தபோது காற்றில் நுரை பறந்துகொண்டிருந்தது. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. பெரியவர் கரை மேலேயே நின்றுவிட்டார். திரும்பி, நம்ம கெணறு ஒன்றில்தான் இன்னும் சாயம் இறங்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னார். நம்ம என்று அவர் சொன்னதில் நாங்களும் சேர்த்தியா என்று எனக்குத் தெரியவில்லை.

மீன் எப்படியிருக்கிறது என்று பார்க்க அப்பா மூடியைத் திறந்தார். விரால் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

அப்பா கையை விட்டு அதைத் திருப்பித் திருப்பி நிறுத்தினார். அது மறுபடி மறுபடி சாய்ந்தது. "விரால் இப்படிச் சாகாதுங்கய்யா. தரையில போட்டாலும் அரை நாளு கிடக்கும்" என்றார். பெரியவர் மெல்லக் குனிந்து டிரம்முக்குள் முகத்தை நீட்டி முகர்ந்தார்.

"நல்லாக் கழுவுனதுதாங்கய்யா" என்றார் அப்பா. "நாங்க குடிக்கத் தண்ணி வைக்கதே இதுலதான்."

பெரியவர் மூடியை எடுத்துச் சாத்தினார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, குழம்பு வைத்துவிடச் சொன்னார். யாரோ தின்பதற்கு நீங்களே சாப்பிடுங்கள் என்றார்.

எனக்கு அன்றைக்கு அதைவிட நல்ல சேதி வேறு இல்லை. மீன் வாங்கி வெகு காலமாகியிருந்தது. அம்மா தேங்காய் அரைத்து, புளி கரைத்து, லைன் முழுக்க மணக்க மணக்கக் குழம்பு வைத்தாள். நடுத்துண்டு எனக்கு என்று கொதிக்கும்போதே சொல்லி வைத்தேன். அப்பா சாப்பிட எழவில்லை. அம்மா தோளைத் தொட்டு உலுக்கினாள், மீன் பேரைச் சொல்லிக்கூடப் பார்த்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பெரியவர் வந்தார். அதுவரை வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகிறவர், செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, குனிந்து உள்ளே வந்து, சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு வாயி போடுங்க" என்றார். எங்கள் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த தட்டுகளில் சொட்டை இல்லாத தட்டைத் தேடி எடுத்து, சோறு போட்டு, நடுத்துண்டைத் தூக்கி அவருக்கு வைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பணக்காரர்களுக்கு எதற்கு எங்கள் வீட்டு மீன் என்று வாலை வைத்துக்கொண்டு மூக்கால் அழுதேன்.

அவர் மீனைச் சின்னதாகப் பிய்த்து வாயில் வைத்து, வெகுநேரம் மென்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, ஏதாவது வாசம் அடிக்கிறதா என்று கேட்டார். ஐயோ, இல்லைங்கய்யா, நல்ல மீன் என்றாள் அம்மா. அவருக்கு அது போதவில்லை. குடியிருக்கிறவள் வேறு எப்படிச் சொல்வாள்? என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, நீ சொல்லு. மீனுல மருந்து வாசம் கிருந்து வாசம் ஏதாச்சும் அடிக்குதா?"

பெரியவர் ஒருவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார். நடுத்துண்டை மறந்து, அழுகையை நிறுத்திவிட்டு, ஒரு வாய் எடுத்துப் பொறுப்பாக மென்று பார்த்தேன். தெரிந்த வாசம்தான்.

"ஒண்ணும் அடிக்கல தாத்தா. தண்ணி வாசந்தான் அடிக்குது."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெரியவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், சுவரோரம் தூங்குகிற அப்பாவைப் பார்த்தார். அப்புறம் தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்து, அம்மா மொண்டு கொடுத்த சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு எழுந்து போனார்.

நான் எதற்காகக் கிள்ளு வாங்கினேன் என்றே எனக்குப் புரியவில்லை. உள்ளதைத்தான் சொல்லியிருந்தேன். தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று அந்த வருடம்தான் அறிவியலில் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அது பரீட்சையில் எழுதுவதற்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.